பழைய லேத், புது லேத்: ஒரு வரவு செலவுக் கணக்கு



நம் வளாகத்தின் பின்பக்கம், பழைய ஜெனரேட்டர் அறையில் கடந்த ஐந்து மாதங்களாக ஒரு லேத் நிற்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதன் சத்தத்தை வைத்தே தெரிந்துகொண்டவர்களும் இருக்கிறீர்கள். அவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். வாட்ஸ்அப் குழுவில் இரண்டு கேள்விகள் சுற்றி வந்தன. வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவருக்கு லேத் எதற்கு? வாங்கியதுதான் வாங்கினார், புதுசாக வாங்கக் கூடாதா, காயலான் கடைச் சரக்கைக் கொண்டுவந்து வைக்க வேண்டுமா? முதல் கேள்விக்கு என் மனைவிக்கே நான் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இருநூறு வருடக் கதையைச் சொல்ல வேண்டும். செயலாளர் பெரிய மனதோடு இடம் கொடுத்திருக்கிறார். இந்த அறை விஷயம் வரும் பொதுக்குழுவில் ஓட்டுக்கு வருகிறது என்பதால், அதற்கு முன் படித்துவிடுவீர்கள் என்ற ஆசையும் எனக்கு உண்டு.

லேத் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: சின்ன வயதில் விளையாடிய பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கயிற்றை இழுத்து மரக்கட்டையைச் சுழற்ற, இன்னொருவர் உளியைப் பிடித்துச் செதுக்குவார். தொட்டில் கால், கட்டில் கால் எல்லாம் அப்படித்தான் கடைந்தார்கள். மரத்துக்கு அது போதும். இரும்பு என்று வந்தால், சுழலும் கம்பியில் கையால் உளியைப் பிடித்துக் கொஞ்ச நேரம்கூட நிற்க முடியாது, அளவும் வராது. உளியை ஓர் இரும்பு வண்டியில் பூட்டி, அந்த வண்டியை நேர்கோட்டில் ஓடவிட்டால்தான் இரும்பை மயிரிழை அளவுக்குக் கடைய முடியும். அந்த வண்டி ஓடும் தண்டவாளத்துக்குப் பெயர் பெட். இந்தக் கட்டுரையில் பெட் என்ற சொல்லை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிற்பாடு என் பத்தாயிரம் ரூபாய் போனது அதில்தான்.

வீட்டில் லேத் வைத்துக்கொள்வது ஆரம்பத்தில் ராஜாக்களின் பொழுதுபோக்கு. ரஷ்யாவின் பீட்டர் மன்னருக்குத் தனியாகக் கடைசல் அறையே இருந்தது. ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து லண்டனுக்கு வந்த ஹோல்ட்ஸாஃபெல் என்பவர் 1795-ல் தன் முதல் லேத்தை விற்றார். அவருடைய குடும்ப நிறுவனம் நூறு வருடங்களுக்கு மேல் நடந்தது, ஆனால் மொத்தமாகச் செய்தது சுமார் 2500 லேத்கள்தான். வாங்கியவர்கள் பிரபுக்கள், நிலச்சுவான்தார்கள். தந்தத்திலும் கருங்காலியிலும் அலங்காரப் பெட்டிகள் கடைந்து விருந்தாளிகளுக்குக் காட்டுவார்கள். இன்றைக்கு கோல்ஃப் மட்டை மாதிரி.

அதே லண்டனில், அதே காலத்தில், ஹென்றி மாட்ஸ்லே என்ற தொழிலாளி பூட்டு செய்யும் ஜோசப் பிராமாவிடம் வேலை பார்த்தார். கெட்டிக்காரர், பட்டறைக்கே மேஸ்திரி ஆனார். வாரச் சம்பளம் 30 ஷில்லிங். பிள்ளைகுட்டி பெருகியதும் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டார். முதலாளி முகத்தில் அடித்தாற்போல மறுத்துவிட்டார். 1797-ல் மாட்ஸ்லே வெளியேறி சொந்தப் பட்டறை போட்டார். (தொழிற்சங்கக் கூட்டங்களில் சொல்ல எனக்கு அப்போதே இந்தக் கதை தெரியாமல் போயிற்று.) 1800 வாக்கில் அவர் செய்த திருகு வெட்டும் லேத் இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதற்கென்றே செய்த நட்டுதான் பொருந்தும், ஜோடி மாறினால் தொலைந்தது. மாட்ஸ்லே தன் பட்டறையில் ஒரே அளவில் திருகு வெட்டிக் காட்டினார். அதன்பிறகு லேத் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பி வர நூறு வருடம் ஆயிற்று.

திரும்பக் கொண்டுவந்தவர்களில் ஒரு பத்திரிகைக்காரரும் உண்டு. 1898-ல் பெர்சிவல் மார்ஷல் என்பவர் இங்கிலாந்தில் 'மாடல் இன்ஜினியர்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு மாலையில் வீட்டுக்கொல்லையில் சின்ன நீராவி எஞ்சின் செய்பவர்களுக்கான பத்திரிகை அது. நிஜமாகவே கரி போட்டு, தண்ணீர் கொதிக்க வைத்து, மனிதர்களை ஏற்றி இழுக்கும் குட்டி ரயில் எஞ்சின்களை அவர்கள் செய்தார்கள். அவர்களை நம்பி டிரம்மண்ட் போன்ற கம்பெனிகள் தையல் மெஷின் போலக் காலால் மிதித்து ஓட்டும் சின்ன லேத்களைச் செய்து விற்றன.

புது லேத் வாங்க முடியாதவனுக்குத் தவணையில் கொடுக்கலாம் என்று பெரிய அளவில் செய்து காட்டியது அமெரிக்கா. இந்தியானா மாநிலத்தில் சவுத் பெண்ட் என்ற ஊரில், 1906-ல் ஓப்ரையன் என்ற இரட்டைச் சகோதரர்கள் லேத் கம்பெனி தொடங்கினார்கள். லேத்தை விற்றதோடு நிற்காமல், லேத் ஓட்டுவது எப்படி என்று ஒரு சின்னப் புத்தகமும் போட்டார்கள். அது பதிப்புக்குமேல் பதிப்பாகப் பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருந்தது. 1930-களில் உலகப் பெருமந்தம் வந்தபோது பெரிய தொழிற்சாலைகள் வாங்குவதை நிறுத்திவிட்டன. அப்போது இவர்கள் வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற ஒன்பது அங்குல லேத்தை மாதத் தவணைக்குக் கொடுத்தார்கள். சியர்ஸ் என்ற தபால் விற்பனைக் கம்பெனியோ, அட்லஸ் என்ற உற்பத்தியாளரிடம் லேத் செய்து வாங்கித் தன் கிராஃப்ட்ஸ்மேன் பெயரில் விற்றது. விலையைக் குறைக்க அதில் பல கியர்களைத் துத்தநாகக் கலவையில் வார்த்திருந்தார்கள். தொண்ணூறு வருடம் கழித்து இன்றைக்கும் அமெரிக்காவில் பழைய அட்லஸ் லேத் வாங்குகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது கியரில் பல் உடைந்திருக்கிறதா என்றுதான். கடன் கொடுத்த வங்கியில் 38 வருடம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தவணையில் விலை குறைந்தால் எங்கே குறைந்தது என்று பார்க்க வேண்டும்.

பிறகு போர் வந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க அரசே பணம் போட்டு ஆயுதத் தொழிற்சாலைகளைக் கட்டி, அவற்றை லேத்களாலும் மில்லிங் மெஷின்களாலும் நிரப்பியது. யாருக்கு எந்த இயந்திரம் என்பதை அரசு வாரியம் முடிவு செய்தது. வீட்டுக்காரர் கடைக்குப் போய்ப் புது லேத் வாங்க வழியில்லை. 1945-ல் போர் முடிந்ததும் கதை தலைகீழாயிற்று. அத்தனை இயந்திரங்களையும் அரசு விற்றாக வேண்டும். அதற்கென்று 1946-ல் போர்ச் சொத்து நிர்வாகம் என்று ஒரு தனி அலுவலகமே திறந்தார்கள். பள்ளிக்கூடங்களுக்குப் பெரும் தள்ளுபடியில் போயிற்று, சிறு பட்டறைகளுக்குப் போயிற்று, அங்கிருந்து சில வருடங்களில் வீட்டு ஷெட்டுக்குப் போயிற்று. புது இயந்திரம் செய்தவர்கள் ஆர்டர் இல்லாமல் தவித்தார்கள். ஒருவருடைய நஷ்டக் கணக்கு இன்னொருவருடைய வரவு.

இங்கிலாந்தில் வேறு மாதிரி. செசில் மூர் என்பவர் 1934-ல் நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டன் என்ற ஊரில், பழைய லேஸ் ஆலை ஒன்றில் மைஃபோர்டு என்ற கம்பெனியைத் தொடங்கியிருந்தார். போர் முடிந்த 1946-ல் எம்.எல்.7 என்ற சின்ன லேத்தைக் கொண்டுவந்தார். வீட்டுக்காரர்களை மனதில் வைத்துச் செய்த லேத் அது. ஒரு தலைமுறையே அதில்தான் கடைசல் கற்றது. 2011-ல் அந்தத் தொழிற்சாலை மூடியது. ஆனால் பழைய மைஃபோர்டு லேத்துக்கு இன்றும் போட்டி போட்டு விலை கொடுக்கிறார்கள். செய்தவர் கடையைக் கட்டிவிட்டார், சரக்கு மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

ஏன் பழைய லேத் இப்படிக் கைமாறுகிறது? தொழிற்சாலை ஓர் இயந்திரத்தைக் கழிப்பது அது கெட்டுப்போனதால்தான் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படியில்லை. ஜெர்மனியின் க்ரூப் கம்பெனி 1920-களில் விடியா என்ற பெயரில் மிகக் கடினமான உளி முனையைக் கொண்டுவந்தது. நம் ஊர் டர்னர்கள் இன்றும் அந்த வகை முனை எல்லாவற்றையுமே விடியா என்றுதான் சொல்கிறார்கள். அதை வேகமாக ஓட்டினால்தான் லாபம். பழைய லேத்களுக்கு அந்த வேகமும் இல்லை, அந்த இழுவையும் இல்லை. உடனே அவை பழசாயின. 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் எண்களைக் கொடுத்து இயந்திரத்தைத் தானே ஓடவிட்டுக் காட்டினார்கள். அதன் பேரப்பிள்ளையான சி.என்.சி. வந்ததும் கையால் ஓட்டும் லேத்கள் எல்லாம் பழசாயின. அந்த லேத்களுக்கு ஒரு குறையும் இல்லை. நிமிடத்துக்கு எத்தனை உருப்படி என்ற கணக்கில் தோற்றன, அவ்வளவுதான். வீட்டுக்காரனுக்கு அந்தக் கணக்கே கிடையாது. ஓய்வு பெற்ற எனக்கு ஒரு புஷ் கடைய ஒரு மணி நேரம் ஆனால் என்ன, ஒரு நாள் ஆனால் என்ன?

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். இங்கே வீட்டில் லேத் என்பது பொழுதுபோக்காக இருந்ததில்லை. கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும். முன்னால் லேத் ஷெட், பின்னால் வீடு. பம்புக்கும் கிரைண்டருக்கும் உதிரிப்பாகம் கடைந்து கொடுத்துக் கூலி வாங்கிக் குடும்பம் நடத்துவார்கள். லேத் ஓடினால் அடுப்பு எரியும்.

அந்த லேத்கள் எங்கிருந்து வந்தன? முதலில் எல்லாம் இறக்குமதி. போருக்குப் பின் ராணுவம் விற்ற டிஸ்போஸல் சரக்கும் உண்டு. 1941-ல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அன்றைய மைசூர் சமஸ்தானத்தின் ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் தொடங்கியது. 1953-ல் ஸ்விட்சர்லாந்தின் ஓர்லிகான் கம்பெனியின் துணையோடு பெங்களூரில் எச்.எம்.டி. வந்தது. எச்.எம்.டி. என்றால் நமக்கெல்லாம் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட கைக்கடிகாரம்தான் நினைவுக்கு வரும். அந்தப் பெயரின் விரிவே ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ். கடிகாரத்துக்கு முன்னால் அவர்கள் செய்தது லேத்.

வெளிநாட்டு லேத் வேண்டுமென்றால் லைசென்ஸ் வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும். 1966 ஜூனில் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள். டாலர் 4 ரூபாய் 76 காசிலிருந்து 7 ரூபாய் 50 காசுக்குப் போனது. பத்தாயிரம் டாலர் இயந்திரம் ஒரே நாளில் 47,600 ரூபாயிலிருந்து 75,000 ரூபாய். சுங்கவரி தனி. ஆகவே ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த பழைய பிரிட்டிஷ், ஜெர்மன் லேத்களை யாரும் கழிக்கவில்லை. பெட்டைத் திரும்பச் சீவி, பேரிங் மாற்றி, அப்பா ஓட்டியதை மகன் ஓட்டினான். சிறு தொழில் கழகம் என்று நாம் சொல்லும் என்.எஸ்.ஐ.சி. 1955-ல் வந்தது. அது புது இயந்திரத்தை வாடகைக் கொள்முதல் முறையில் கொடுத்தது. 1958-ல் கிண்டி தொழிற்பேட்டை திறந்தார்கள். 1969-ல் 14 வங்கிகளை நாட்டுடைமை ஆக்கிய பிறகு, எங்களைப் போன்ற வங்கிகளும் லேத் வாங்கக் கடன் கொடுக்க ஆரம்பித்தன. நான் இந்தக் கதைக்குள் வருவது அங்கேதான்.

1986-ல் நான் ஒரு தொழிற்பேட்டைக் கிளையில் முன்னேற்றக் கடன் பிரிவில் குமாஸ்தா. கள அதிகாரியோடு பட்டறைகளைப் பார்வையிடப் போவேன். லேத்தின் மேல் 'இன்ன வங்கிக்குப் பிணையம்' என்று பெயின்ட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும், அதுதான் என் வேலை. ஒரு டர்னர், ஒற்றை ஆள், நாலரை அடி லேத் ஒன்று வைத்திருந்தார். அவருக்கு வேலை கொடுத்த பெரிய கம்பெனி பில் பணத்தை ஒரு வருடம் நிறுத்தி வைத்தது. தவணை தவறியது, நோட்டீஸ் போயிற்று, ஏலம் வந்தது. ஏலப் பட்டியலைத் தட்டச்சு செய்தவன் நான்.

இயந்திரத்துக்கு ஆரம்ப விலை என்ன வைப்பது? அவருடைய ஐந்தொகையில் தேய்மானம் போக நின்ற தொகையைப் பார்த்தோம். அதை எங்களுக்குக் கல்லூரியிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைய வருமானவரி விகிதத்தில் கணக்குப் போட்டால் உங்களுக்கும் விளங்கும். வருடம் 15 சதவீதம் குறைந்துகொண்டே போனால், ஒரு லட்ச ரூபாய் லேத் பத்து வருடத்தில் சுமார் 19,700 ரூபாய். இருபது வருடத்தில் 3,900 ரூபாய். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இரும்புக்கு அந்தக் கணக்கு தெரியாது.

ஏலத்தன்று காலையில் அந்த மனிதர் லேத்தைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார். யாரோ வாங்கப்போகிற இயந்திரத்துக்கு. கூடவே ஒரு மரப்பெட்டியில் கியர்கள், சக் சாவி, அளவு கருவிகள். அளவு கருவிகள் என் சொந்தக் காசில் வாங்கியவை, அவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். பட்டியலில் இருக்கிறது, கொடுக்க முடியாது என்று அதிகாரி சொன்னார். பட்டியலில் இருந்தது உண்மைதான். 'இதர பாகங்கள், ஒரு தொகுப்பு' என்று அடித்தது என் விரல்கள். அந்தத் தொகுப்புக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. ஒரு பழைய இரும்பு வியாபாரி மட்டுமே ஏலம் கேட்டார், 6,500 ரூபாய்க்கு முடிந்தது. மூன்று மாதம் கழித்து பாரிமுனைப் பக்கம் ஒரு கடையில் அதே லேத்தைப் பார்த்தேன். பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். எங்கள் வங்கி எழுத்து பெயின்ட்டுக்கு அடியில் மேடாகத் தெரிந்தது. விலை கேட்டேன். 19,000 என்றார்கள்.

அன்றிலிருந்து தேய்மானம் என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் எனக்கு அந்தப் பச்சை லேத் நினைவுக்கு வரும். லேத் ஒன்று வாங்கி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் அங்கேதான் விழுந்திருக்க வேண்டும். மனைவிக்குச் சொல்லாத முதல் பதில் இதுதான்.

1991-க்குப் பிறகு இறக்குமதிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தைவான், கொரியா, சீன இயந்திரங்கள் வந்தன. பழைய ஐரோப்பிய இயந்திரங்களும் கப்பலில் வந்தன. சி.என்.சி. இல்லாத பட்டறைக்கு ஆர்டர் இல்லை என்று ஆயிற்று. கையால் ஓட்டும் லேத் செய்தவர்களுக்குக் கஷ்டகாலம், ஹரிஹர் தொழிற்சாலையும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடியது. இன்னொரு பக்கம், சுமார் 40 கிலோ எடையில், மேஜை மேல் வைத்து ஓட்டும் சீன மினி லேத் உலகமெங்கும் போயிற்று. ஷாங்காயில் சீக் என்ற கம்பெனி செய்தது பிரபலம். அதே லேத்துக்கு ஊருக்கு ஒரு பெயரும் நிறமும் கொடுத்து விற்றார்கள்.

நான் ஓய்வு பெற்றதும் இந்த மூன்றையும் பார்த்தேன். புது இந்திய லேத், நாலரை அடி, 1,65,000 ரூபாய், ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்தால் 1,94,700. என் பணிக்கொடையில் அவ்வளவு கை வைக்க மனம் வரவில்லை. மினி லேத்தைப் பற்றி ஒன்றும் குறை சொல்ல மாட்டேன். உங்களில் யாராவது மேல்மாடி வீட்டில் வைக்க ஆசைப்பட்டால் அதுதான் சரி. குடியிருப்பு வீட்டுத் தளத்துக்கு நம் நாட்டு விதி வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. அரை டன் லேத்தை மூன்றாவது மாடிக்கு ஏற்றுவேன் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். எனக்குக் கீழ்த்தளத்தில் மண்மேல் போட்ட காங்கிரீட் தரை கிடைத்ததால் பெரியதை யோசிக்க முடிந்தது.

பழைய இயந்திரக் கடை ஒன்றில் பளபளவென்று ஒரு லேத். தூக்கிவாரிப் போடும் அழகு. பத்தாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். பச்சை பெயின்ட்டைப் பார்த்த அனுபவம் இருந்தும்! பிறகு நம் பின் தெருவில் இருக்கும் ஓய்வு பெற்ற டர்னர் ஒருவரைக் கூட்டிப் போனேன். அவர் மோட்டாரைப் போடச் சொல்லவில்லை, பெயின்ட்டைப் பார்க்கவில்லை. பெட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து சக் பக்கத்திலிருந்து கடைசிவரை இழுத்தார். சக்குக்கு அருகே நகம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பிறகு வண்டியை அந்தப் பள்ளத்தில் நிறுத்தி, அதன் திருகுகளை ஆட்டம் இல்லாத அளவுக்கு இறுக்கினார். என்னைக் கடைசிவரை தள்ளச் சொன்னார். பாதி தூரத்தில் வண்டி நின்றுவிட்டது.

விஷயம் எளிது. முக்கால்வாசி வேலை சக்குக்குப் பக்கத்தில்தான் நடக்கிறது. அங்கே பெட் தேயும், கடைசியில் தேயாது. தேய்ந்த இடத்துக்கு இறுக்கினால் தேயாத இடத்தில் பிடிக்கும். தேயாத இடத்துக்கு விட்டால் வேலை நடக்கிற இடத்தில் வண்டி ஆடும். அந்த லேத்தில் கடைந்தால் கம்பி ஒரு பக்கம் தடித்தே வரும். "சார், இது வெள்ளையடிச்ச வீடு" என்றார். கடைக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை.

கடைசியில் லேத் கிடைத்தது மூடப்பட்ட ஓர் இன்ஜினியரிங் கல்லூரியின் பட்டறையில். நம் மாநிலத்தில் சில வருடங்களாகக் கல்லூரிகள் மூடுவதைச் செய்தியில் பார்க்கிறீர்கள். அவற்றின் லேத்கள் இப்போது சந்தைக்கு வருகின்றன. வெளிநாட்டில் போர் முடிந்து வந்தது போல, இங்கே ஸீட் நிரம்பாமல் வருகிறது. டர்னரே சொன்னார்: கல்லூரி லேத்தில் பெட் தேயாது, பையன்கள் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள், ஆனால் சக் மட்டும் உருப்படியாக இருக்காது. அப்படியே இருந்தது. சக் தாடை உடைந்திருந்தது, பெட்டில் சக் சாவி விழுந்த வடுக்கள், கியர்களில் இரண்டைக் காணோம். நகம் மட்டும் எங்கும் இறங்கவில்லை.

கணக்கு இது. லேத் 58,000. புது சக் 9,000. வீட்டு சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தில் த்ரீ ஃபேஸ் மோட்டாரை ஓட்ட ஒரு டிரைவ் பெட்டி 8,000. கிரேன், டெம்போ, கூலி 7,500. மொத்தம் 82,500. தொலைந்த முன்பணத்தையும் இதில் சேர்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுத் தணிக்கையாளரின் கருத்து, ஆகவே 92,500. காணாமல்போன இரண்டு கியர்களை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அவை இல்லாமல் சில அளவுத் திருகுகளை வெட்ட முடியாது. 'இதர பாகங்கள், ஒரு தொகுப்பு' என்று நான் ஒரு வரியில் அடித்ததன் அர்த்தம் இப்போது தெரிகிறது.

பொதுக்குழுவில் கேட்கப்போகும் கேள்விகளுக்கு இப்போதே பதில். மோட்டார் ஒரு குதிரைத்திறன், அதாவது 746 வாட், இஸ்திரிப் பெட்டியைவிடக் குறைவு. தினம் இரண்டு மணி நேரம் ஓடினாலும் ஒன்றரை யூனிட். தனி மீட்டர் போட்டு, அதற்குரிய பணத்தை மாதாமாதம் சங்கத்தில் கட்டி ரசீது வைத்திருக்கிறேன். நேரம் மாலை 4 முதல் 6 வரை. ஞாயிறு கிடையாது. அதிர்வுக்கு அடியில் ரப்பர் பட்டை போட்டாயிற்று. அதற்குப் பிறகும் சுவருக்கு அடுத்த வீட்டில் பாத்திரம் கிடுகிடுக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அது நியாயமான புகார், நானே போய்க் கேட்டுவிட்டு வந்தேன். லேத்தைச் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைக்க ஆள் சொல்லியிருக்கிறேன். இதுவரை பொதுக் கிணற்று மோட்டாருக்கு ஒரு புஷ்ஷும், பி பிளாக் கேட்டுக்கு இரண்டு கீல் முனையும் கடைந்து கொடுத்தேன். அதற்குக் கூலி வாங்கவில்லை, வாங்கவும் மாட்டேன்.

ஓட்டுப் போடுவதற்கு முன் ஒருமுறை வந்து பாருங்கள். கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் கூட்டி வாருங்கள், பின் தெரு டர்னர் அண்ணன் செவ்வாயும் வெள்ளியும் அங்கே இருப்பார். வெறுங்காலோடு வராதீர்கள், தரையெல்லாம் இரும்புச் சுருள்.